வேலிக்கு உள்ளே

பிறந்து முப்பத்தொன்பது மணி நேரம் கழித்துக் குழந்தையின் கால்கள் ஓய்ந்தன. புஷ்பமேரி அதன் உள்ளங்கையில் தன் விரலை வைத்துப் பார்த்தாள். குட்டி விரல்கள் மெல்ல மடங்கின. அவள் வராந்தாவுக்கு ஓடினாள். ஓடுகிற பெண் அல்ல அவள்.

"மாமா, நின்னுருச்சுங்க. விரலப் புடிக்கறான்."

அக்காள் கணவர் இன்னாசிராஜ் சட்டென்று எழுந்து, கையிலிருந்த டீயை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவளிடமே கொடுத்தார்.

பிறந்ததும் அழாத குழந்தை. தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. அன்று மாலை அது சைக்கிள் மிதிப்பதுபோல் கால்களை ஆட்டியபோது, "எம்பையன் இப்பவே பாப்பாரப்பட்டி சந்தைக்குக் கெளம்பிட்டான்" என்று இன்னாசிராஜ் வார்டு முழுக்கச் சொல்லித் திரிந்தார். அது வலிப்பு என்று டாக்டர் ஜானகியம்மாள் சொல்லும்வரை எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இன்னாசிராஜின் அக்காள் மிக்கேலம்மாள், வயிற்றில் சூடு போட்டால் நிற்கும் என்றாள். புஷ்பமேரி குறுக்கே நின்றாள்.

"மருந்துலயே நிக்குங்க. பொழச்சுக்குவான். நான் சொல்றேன்."

இப்போது நின்றுவிட்டது. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பெங்களூரில் எலிக்குட்டிகளின் மூளையை ஆராய்பவள் அவள். போன வருடம், எண்பத்தாறில் வந்த ஒரு கட்டுரை மனப்பாடமாகவே இருந்தது. கர்ப்பத்தைக் காக்கும் புரோஜெஸ்டிரோன் உடம்பில் உருமாறி ஒரு ஸ்டீராய்டு ஆகிறது. அது மூளையின் படபடப்பை அடக்குகிறது. டாக்டர் போட்ட வலிப்பு ஊசியும் ஏறக்குறைய அதே வழியில்தான் அடக்குகிறது. அப்படியானால் கொடி அறுபடும்வரை தாயின் பக்கமிருந்தே குழந்தையின் மூளைக்கு மருந்து போய்க்கொண்டிருக்க வேண்டும். அறுந்ததும் நின்றுபோவதை நாம் திருப்பிக் கொடுத்தால்?

சாயங்காலச் சுற்றுக்கு வந்த டாக்டரிடம் அவள் மூச்சுவிடாமல் இதையெல்லாம் சொன்னாள். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கொழந்தைக்கு யாராச்சும் குடுத்திருக்காங்களா?"

"இல்லீங்க. எங்க எலிக்குட்டிங்களுக்கே இனிமேதான்."

"அப்ப இவனுக்கு ஆவாது." ஆனாலும் அவர் எழுந்திருக்கவில்லை. "எத்தன வருஷம் ஆவும்?"

"பத்து. இருபதும் ஆவலாங்க."

"ஆவட்டும். நான் ரிட்டயர் ஆனாலும் வூடு தேடி வந்து சொல்லு."

போகும்போது, வலிப்பு நின்றாலும் மூச்சு இன்னும் சீராகவில்லை, பக்கத்திலேயே இரு என்றார். புஷ்பமேரி நர்ஸிடம் ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக்கொண்டு குழந்தையிடம் திரும்பினாள்.

பிறகு அக்காள் லூர்து மேரியின் கட்டிலில் உட்கார்ந்து எலிகளைப் பற்றியும் வரப்போகும் ஊசியைப் பற்றியும் பேசினாள். பாதி புரியாமலே அக்காள் சிரித்துக்கொண்டு கேட்டாள். "பேரு நீயே வையிடி. ஞாயித்துக்கெழம கோயில்ல ஞானஸ்நானம் குடுத்துரலாம்." புஷ்பமேரி தலையாட்டினாள்.

விடியுமுன் குழந்தையின் மூச்சு நின்றது.

மதியம் கல்லறைத் தோட்டத்து வாசலில், கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் சவரிமுத்து மண்வெட்டியோடு நின்றிருந்தார். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைகளை அந்த ஊரில் முள்வேலிக்கு வெளியே, ஆடு மேயும் மேட்டில்தான் புதைப்பார்கள்.

"தண்ணி ஊத்தியாச்சா?" என்று கேட்டார் உபதேசியார்.

இன்னாசிராஜ் துணிச்சுருளை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார். "இல்லீங்க. பொழச்சுக்குவான்னு சொன்னாங்க." யார் சொன்னது என்று அவர் சொல்லவில்லை. புஷ்பமேரி இருந்த பக்கம் திரும்பவும் இல்லை.

"உயிருக்கு ஆவாதுன்னு தோணுனா யாரு வேணுன்னாலும் பேரு வச்சு ஊத்தலாமே. ஒருத்தருக்குமா தோணல?"

உபதேசியார் மேட்டுக்கு நடந்தார். முதல் வெட்டு விழுந்தது. அடுத்த வெட்டில் ஒரு கல் தெறித்தது.

புஷ்பமேரி ஏதோ சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை. அவள் மேட்டில் ஏறிப்போய் மண்வெட்டியின் பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ளார வெட்டுங்க. நேத்து சாயங்காலமே நான் ஊத்திட்டேன். அவன் பேரு அருளப்பன்."