நீங்கள் படித்தது வேறொருவருடையதாக இருக்கலாம்

1

"கோளாறுன்னு போட்டா என்ன குறைஞ்சுபோகுது? ஊர்ல எல்லாரும் அப்படித்தானே..."

"கோளாறு தானா நடந்து வந்து உக்காந்துச்சா? நான் எழுதினது அண்ணா. என் கையால..."

"கத்தாதே. கீழே ஜெராக்ஸ் கடைக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். அவங்களையும் ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கச் சொல்லு!"

இந்தச் சண்டையை நான் காதால் கேட்கவில்லை. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு பரிசோதனைக் கூடத்தின் இணையப் பக்கத்தில் என் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்கப் போனேன். மேலே மஞ்சள் பட்டையில் ஓர் அறிவிப்பு நின்றிருந்தது. 'சிரமத்துக்கு வருந்துகிறோம்' வகையறா இல்லை. என்ன நடந்தது, யாரால் நடந்தது, நான் இப்போது என்ன செய்ய வேண்டும், மூன்றும் அதில் இருந்தன. இந்த வயதுவரை எந்த அலுவலகமும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. யாரோ சண்டை போட்டுத்தான் இந்த நாலு வரி இங்கே வந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்த உடனே குரல்கள் ஆரம்பித்துவிட்டன. எனக்குக் கதை பேச்சாகத்தான் வரும். முகங்கள் பின்னால் வரும், சில சமயம் வராமலே போகும். இதில் வரவில்லை.

2

வேறு தொடக்கங்களும் எழுதிப் பார்த்தேன்.

'ஜன்னலுக்கு வெளியே மழை தூற, திரையின் நீல வெளிச்சத்தில் அவள்...' (அடித்துவிட்டேன். மணி காலை பத்தரை. மழையும் இல்லை, நீலமும் இல்லை.)

'தங்கைக்கு முப்பத்தாறு வயது. இன்னும்...' (இன்னும் என்ன? இந்த 'இன்னும்'களைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அவள் வேலை செய்கிறாள். அது போதும்.)

பாதி எழுதியதைப் படித்த பத்திரிகைக்காரர் சொன்னார்: "ஜாவா கீவான்னு கம்ப்யூட்டர் பாஷையெல்லாம் வேண்டாமேம்மா. பேஷன்ட் சீட்டு மாறிப்போச்சுன்னு வெச்சுக்கோங்க. படிக்கறவங்க ஓடிடுவாங்க."

ஓடட்டும். சீட்டு மாறினால் சீட்டில் பெயர் இருக்கும், பார்த்ததும் தெரிந்துவிடும். இங்கே அது தெரியாமல் போனதுதான் கதை. ஜாவாவில் நடந்த தப்பை ஜாவாவில்தான் சொல்வேன்.

3

மாடியில் ஓர் அறை, மூன்று மேசை. அண்ணன் கம்பெனியின் முதலாளி. அண்ணி போனை எடுப்பவர். தங்கை நிரல் எழுதுபவள். கம்பெனி அவ்வளவுதான்.

பரிசோதனைக் கூடத்தின் பக்கத்தை ஜாவா ஃப்ரேம்வொர்க் ஒன்றில், அதாவது பாதி வேலை முன்பே செய்துவைத்த ஒரு சட்டகத்தில், எழுதியவள் அவள். உள்ளே நுழைந்தால் மேலே நம் பெயர், வயது, பதிவு எண். கீழே ஒரு வரிச் செய்தி: 'முடிவு இயல்பாக உள்ளது' அல்லது 'மறுபரிசோதனை தேவை. மருத்துவரைப் பாருங்கள்.'

பெயரை ஒவ்வொருவருக்கும் தனித்தனி இடத்தில் வைத்திருந்தாள். செய்தியை மட்டும் எல்லோருக்கும் பொதுவான ஒரே இடத்தில் வைத்துவிட்டாள்.* ஒரே நொடியில் இரண்டு பேர் வந்தால் ஒருவர் பெயருக்குக் கீழே இன்னொருவரின் செய்தி வந்து நிற்கும். பெயர் சரியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

(* அண்ணிக்கு இது விளங்கிய விதம்: "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து கத்தும்போது, இவர் சொன்னதை நீ சொன்னதா நான் எடுத்துக்கறேன்ல, அதானே?" அதேதான். இதைவிட நன்றாக என்னால் விளக்க முடியாது.)

மூன்று வாரம் இது யாருக்கும் தெரியவில்லை. ஒரு தையற்காரம்மா 'மறுபரிசோதனை' என்று படித்துவிட்டு, இரண்டு நாள் சோறு இறங்காமல் மருத்துவரிடம் ஓடியிருக்கிறார். அவருக்கு ஒன்றுமில்லை. சிரித்துக்கொண்டே போன் செய்து சொன்னார். அண்ணனும் சிரித்தார்.

தங்கை சிரிக்கவில்லை. இந்த அம்மாவுக்கு யாருடைய கெட்ட செய்தியோ போயிருந்தால், வேறு யாருக்கோ இன்னொருவரின் நல்ல செய்தியும் போயிருக்கலாம். அந்த ஆள் இந்த நிமிஷம் கவலையில்லாமல் எங்கோ நடமாடிக்கொண்டிருப்பார்.

4

"அதான் தப்பைத் திருத்தியாச்சுல்ல? விடு."

"இனிமே வர்றவங்களுக்குத் திருத்தியாச்சு. பார்த்துட்டுப் போனவங்களுக்கு?"

"யாருன்னு கண்டுபிடி. அவங்களுக்கு மட்டும் சொல்லுவோம்."

"யார் எப்போ வந்தாங்கன்னு பதிவு இருக்கு. என்ன பார்த்தாங்கன்னு இல்லை. எல்லாருக்கும்தான் சொல்லணும்."

"ஆயிரத்துச் சொச்சம் பேருக்கா! லேப்காரங்க நம்மளை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க."

"அவங்ககிட்ட நேத்தே சொல்லிட்டேன். வக்கீலைக் கேட்டு வெள்ளிக்கிழமை சொல்றாங்களாம்."

"அப்போ வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறு."

"நான் பொறுப்பேன். அந்த ஆளோட உடம்பு பொறுக்குமா?"

அண்ணன் ஒரு படி இறங்கி வந்தார். "சரி தாயே, போடு. ஆனா ஒருதடவை காட்டிட்டு மறையற மாதிரி போடு." அந்த ஃப்ரேம்வொர்க்கில் அப்படி ஒரு வசதி உண்டு. ஒருமுறை தோன்றும், அடுத்த சொடுக்கில் போய்விடும். 'சேமிக்கப்பட்டது' போன்ற சின்னச் சமாசாரங்களுக்காக வைத்தது.

"கண்ணு சிமிட்டினா போயிடும்ணா. 'படித்தேன்'னு அவங்க அழுத்தற வரைக்கும் அங்கேயே நிக்கணும். வந்து பாருங்கன்னு எல்லாருக்கும் எஸ்.எம்.எஸ்ஸும் போகணும்."

திரையில் வரும் வாக்கியங்கள் எல்லாம் இருக்கும் கோப்பைத் திறந்தாள். கடைசி வரிக்குக் கீழே தட்டினாள்:

'கடந்த மூன்று வாரங்களில் நீங்கள் இங்கே படித்தது வேறொருவருடைய முடிவாக இருக்கலாம். இது இந்த நிரலை எழுதியவர் செய்த தவறு. உங்களுடைய சரியான முடிவு கீழே இருக்கிறது. தயவுசெய்து மறுபடி படியுங்கள்.'

5

இந்த இடத்தில் எனக்கு அண்ணன் மேல் சந்தேகம் வந்தது. அவர் மேல் இல்லை, நான் அவரை எழுதும் விதத்தின் மேல். நல்லவளுக்கு எதிரே ஒரு கோழையை நிறுத்தி வைத்தால் கதை சுலபமாக ஓடும். அப்படி ஓடும் கதையை நான் நம்புவதில்லை. அவரை மறுபடி பேசவிட்டுக் கேட்டேன்.

"எழுதியவர், எழுதியவர்னு போடறியே. இங்கே எழுதறது நீ ஒருத்திதானேடி? நாளைக்கு இந்தக் கம்பெனி இல்லைன்னா உன்னை எவன் வேலைக்கு எடுப்பான்?"

அவர் பயந்தது கம்பெனிக்காக மட்டும் இல்லை. இது எனக்கே இப்போதுதான் தெரியும். (முதல் நான்கு பகுதிகளைத் திருத்தலாம். திருத்தமாட்டேன். நான் அவரைத் தப்பாக நினைத்ததும் இங்கே இருக்கட்டும்.)

"எடுக்கலைன்னா போறான். என் தப்பை என் வாயால சொல்லக்கூடாதுன்னா, அப்படிப்பட்ட வேலை எனக்கு எதுக்கு?"

அண்ணி குறுக்கே வந்தார். "நாள் முழுக்க இந்தப் போனை எடுக்கப்போறது நான். என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

யாரும் கேட்கவில்லைதான். நானும் கேட்கவில்லை.

6

முடிவுகள்.

அண்ணன் எழுந்துபோய் இணைப்பைப் பிடுங்கிவிடுகிறார். (அந்த அறிவிப்பைத்தான் என் கண்ணால் படித்தேனே. ஆகாது.)

லேப்காரர்கள் நன்றி சொல்லிக் கடிதம் அனுப்புகிறார்கள். (எழுதும்போதே சிரிப்பு வந்துவிட்டது.)

வேலை போகிறது, அவள் தலை நிமிர்ந்து படியிறங்குகிறாள், பின்னணியில்... (ஐயோ, வேண்டாம்.)

மூன்றிலும் அவளுக்கு என்ன ஆகிறது என்றே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் சண்டை போட்டது அவளுக்காக இல்லை. கவலையில்லாமல் நடமாடும் அந்த ஆளுக்காக. அவரை இதுவரை ஒரு வார்த்தைகூட நான் பேசவிடவில்லை.

7

பதினொன்று இருபதுக்குத் தங்கை அறிவிப்பை ஏற்றினாள். குறுஞ்செய்திகள் போயின. பத்து நிமிஷத்தில் போன் அடித்தது. அண்ணி கை நீட்டுவதற்குள் அண்ணன் எடுத்தார். 'சிறு தொழில்நுட்பக் கோளாறு' என்று எழுதிவைத்திருந்த தாள் அவர் எதிரே இருந்தது.

"வணக்கம்... ஆமாங்க... ஒரு சின்ன..." அதோடு நின்றுவிட்டார். மறுமுனையில் ஒருவர் பேசுவதைக் கேட்டார். பிறகு அந்தத் தாளைக் கவிழ்த்துவைத்துவிட்டு, போனைத் தங்கையிடம் நீட்டினார். "அன்னிக்கு நார்மல்னு பார்த்தாராம். இப்போ அப்படி இல்லையாம்."

"ஐயா, இதை எழுதினது நான்தான். தப்பு என்னோடது. இன்னிக்கே டாக்டரைப் போய்ப் பாருங்க. தள்ளிப்போடாதீங்க."

அவர் திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றாள்.

அவர் திட்டவில்லை. அவர் கேட்டதற்கு என்ன பதில் என்று இரண்டு வாரமாக அந்தக் குரல்களைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை. நானாக ஒன்றை எழுதி அவள் வாயில் வைக்கவும் மாட்டேன். முடிந்தால் நீங்கள் சொல்லுங்கள்.

"வீட்டுல எல்லார்கிட்டயும் எனக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டேன்மா. இப்போ போய் என்னன்னு சொல்றது? அதையும் நீங்களே ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்களேன்."