கண்ணாடி தயார்

கடைக்காரர் என்னிடம் கேட்டது எளிய காரியம். மூக்குக்கண்ணாடி தயாரானதும் வாடிக்கையாளரின் கைபேசிக்குக் கணினியே குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். அதுவரை அந்த வேலையைச் செய்துவந்தவர் அவருடைய அக்கா. ஒன்பது வருடமாகக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் போனில் கூப்பிடுவார். கடையில் அவருக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் என்று பட்டப்பெயர்.

"இது ஓட ஆரம்பிச்சா அக்கா வீட்ல ஓய்வா இருக்கலாம்" என்றார் கடைக்காரர்.

"ஓய்வா? பகல் முழுக்க மருமக மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காரச் சொல்றியா? ரெண்டு பேர்ல ஒருத்திதான் மிஞ்சுவோம்டா."

கடைக்காரர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. நான் வேலையை நிறுத்தவில்லை. இரவு முழுக்கப் போனில் யார் யாரோ சொல்லும் புகாரைக் கேட்கிற வேலையை வெறுத்து உதறிவிட்டு வந்தவன் நான். அக்காவின் நாற்காலிக்காக இதையும் உதற எனக்கு வசதியில்லை.

குறுஞ்செய்தி அனுப்பத் தொலைபேசி நிறுவனத்திடம் கடையின் பெயரைப் பதிவு செய்தேன். 'உங்கள் கண்ணாடி தயார். கடைக்கு வந்து பெற்றுக்கொள்ளவும்' என்ற வாசகத்துக்கு ஒப்புதல் கிடைக்க நான்கு நாள் ஆனது. 'தயார்' பொத்தானை அமுக்கினால் செய்தி போகும்படி இணைத்தேன். சோதனைக்கு முதல் செய்தியை அக்காவுக்கே அனுப்பினேன்.

"மரியாதையாத்தான் பேசுது. நான் ஏதாவது கேட்டா?"

"பதில் சொல்லாதுக்கா."

"எங்க வீட்டுக்காரர் மாதிரின்னு சொல்லு."

இரண்டு வாரம் கழித்துக் கடைக்காரர் கூப்பிட்டார். அலமாரியில் எடுக்கப்படாத கண்ணாடிப் பெட்டிகள் நிரம்பிக் கிடந்தன. "செய்தியே போகல தம்பி. என்னத்த வச்சுக் குடுத்தீங்க?" பதிவைத் திறந்து காட்டினேன். அனுப்பியவை அறுபத்து நான்கு. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'சென்றடைந்தது' என்று இருந்தது.

அப்போது ஒரு தையல்காரம்மா பக்கத்து வீட்டுக்காரியின் கையைப் பிடித்தபடி படியேறி வந்தார்.

"பத்து நாளா ஊசியில நூல் கோக்க முடியல. ஒரு போன் பண்ணா தேய்ஞ்சா போயிடுவீங்க?"

"மெசேஜ் வந்திருக்கேம்மா" என்றேன்.

கைபேசியை நீட்டினார். செய்தி திறக்கப்படாமல் இருந்தது. "இதுவா? என்னமோ எறும்பு ஊர்ற மாதிரி தெரிஞ்சுது. எதை வச்சுப்பா படிக்கிறது? கண்ணாடிதான் உங்ககிட்ட இருக்கே!"

பழைய ஃப்ரேமைக் கொடுத்து லென்ஸ் மட்டும் மாற்றச் சொன்னவர் அவர். எடுக்கப்படாதவற்றைப் பிரித்துப் பார்த்தேன். முப்பத்தொன்றில் இருபத்தெட்டு அப்படித்தான். ஒரே கண்ணாடியை எங்களிடம் விட்டுப் போனவர்களுக்குப் படிக்கச் சொல்லி எழுதி அனுப்பியிருக்கிறேன்.

"உனக்குத் தெரியாதா? முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்று அக்காவிடம் பாய்ந்தார் கடைக்காரர்.

"எனக்கு எப்படிடா தெரியும்? கூப்பிட்டேன், வந்தாங்க. அதுக்கு மேல நான் யோசிக்கல."

கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். "பதிவு பண்ணின குரலே போன் போட்டுச் சொல்லுமாமே? அப்படி வைக்க முடியுமா?"

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அரை நாள் வேலை அது. பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

"முடியும் சார்."

அக்கா மேசைமேல் இருந்த தன் பேனாவை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அந்தக் குரலா?" என்றார் தையல்காரம்மா. அவர் அதற்குள் தன் கண்ணாடியை வாங்கிப் போட்டு, காதோரம் சரிசெய்துகொண்டிருந்தார். "விளம்பரம்னு தினம் நாலு வருது. ஹலோ சொல்றதுக்குள்ள பேச ஆரம்பிச்சுடும். நான் வச்சுடுவேன். இவங்க குரல்னா கேப்பேன்."

"நானும் அப்படித்தான்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

கடைக்காரர் பிடரியைச் சொறிந்தார். "சரி. பழைய ஃப்ரேம் ஆளுங்களை மட்டும் அக்கா கூப்பிடட்டும். மத்தியானம் வரைக்கும் போதும்."

"அவங்க சாயங்காலம் திருப்பிக் கூப்பிட்டா? உன் கணினி எடுக்குமா?"

கடைக்காரர் லென்ஸ் அறைக்குள் போய்விட்டார். முழு நாளும் இருக்க அவர் சம்மதிக்கும் விதம் அதுதான் என்று அக்காவுக்குத் தெரியும்.

லென்ஸ் மட்டும் மாற்றுகிறவர்களுக்குச் செய்தி போகாமல், பெயர் தனிப் பட்டியலில் சேரும்படி மாற்றினேன். இருபத்தேழு பெயரை அச்செடுத்துக் கொடுத்தேன். முதல் ஆளே போனை எடுத்ததும் திட்ட ஆரம்பித்தார். ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது. அவர் திட்டி முடிக்கும்வரை அக்கா கேட்டுக்கொண்டார்.

"தப்பு எங்களுதுதான். தனியா வராதீங்க, யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்று சொல்லி வைத்தார். பேனாவை வெளியே எடுத்து ஒரு பெயரை அடித்துவிட்டு, அடுத்த எண்ணை அமுக்கினார்.