சாமி சொன்ன சம்மதம்

என் பேரு காசிமாயன். பாருங்க, மனசுக்குள்ள சொல்றப்ப எம்புட்டு லேசா வருது! அடுத்தவன் கேட்டா மட்டும் "கா... கா..."ன்னு காக்கா மாதிரி நிப்பேன்.

என் மக தாமரைச்செல்விதான் கே.கே. நகர்ல பேச்சு டாக்டரம்மாகிட்ட இழுத்துட்டுப் போனா. மாட்டோட பேசுனா திக்காது, போன் எடுத்தா திக்கும், என் மேல கருப்பசாமி எறங்கி அருள்வாக்குச் சொல்றப்ப ஒரு எழுத்துக்கூட நிக்காதுன்னு அவதான் எடுத்துச் சொன்னா. அந்தம்மா சிரிக்கல. "நெறையப் பேருக்கு இப்படித்தாங்கய்யா. பாடுறப்ப, கூட்டத்தோட சேந்து சொல்றப்ப, வேற ஆளாப் பேசுறப்ப திக்குறது கொறையும். ஏன்னு இன்னும் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டுத்தான் இருக்காங்க. உங்க தப்பு இல்ல"ன்னாங்க.

வெளிய வந்ததும் மக சொன்னா: "என் நிச்சயத்துல நீயே சொல்லணும்ப்பா. எம்புட்டு நேரமானாலும் நிக்கிறேன்."

எங்க பக்கம் தட்டு மாத்துறதுக்கு முன்னாடி, பொண்ணப் பெத்தவன் சபையில சம்மதம் சொல்லணும். வாடிப்பட்டியில எங்க வீட்டுப் பந்தல்ல, மாப்பிள்ளைக்குத் தாய்மாமன், சங்கிலின்னு பேரு, அவருதான் கேட்டாரு: "என்ன சம்பந்தி, பொண்ணு குடுக்கச் சம்மதமா?"

"ச... ச... ச..." தாடை பூட்டிக்கிச்சு.

"வண்டி ஸ்டார்ட் ஆகலப்பா"ன்னு பின்னால ஒருத்தன் சொன்னான். பந்தலே சிரிச்சுச்சு. நாண்டுக்கிட்டுச் செத்துறலாம் போல அம்புட்டு அவமானம். மக மட்டும் சிரிக்காம என்னையே பாத்துக்கிட்டு நின்னா. இன்னுங் கொஞ்சம் பொறுத்திருந்தா வந்திருக்கும். பாவிப்பய எனக்குப் பொறுக்கல.

"ஏய்ய்ய்!"ன்னு ஒரு சத்தம் போட்டு உடம்ப முறுக்குனேன். சாமி வரல. சத்தியமா வரல. நானாத்தான் ஆடுனேன். "கருப்பன் சொல்றேன்டா! இந்தப் புள்ளையக் குடுக்கச் சம்மதம்டா!"

கணீர்னு வந்துச்சு. சிரிச்சவன் கன்னத்துல போட்டுக்கிட்டான். சங்கிலி கால்ல விழுந்தாரு. என் பொண்டாட்டி பாண்டீஸ்வரி சூடம் எடுக்க ஓடுனா. தூ, இதெல்லாம் ஒரு பொழப்பா!

ஒவ்வொருத்தரா வந்து என் கையால துன்னூறு பூசிக்கிட்டாக. கடைசியா மக வந்து குனிஞ்சா. எனக்கு மட்டும் கேக்குற மாதிரி, "சாமி சம்மதம் சொல்லிருச்சு. எங்கப்பா சொல்ல மாட்டாரா?"ன்னா.

வாயத் தொறந்தேன். அவ பொறந்ததுல இருந்து அவகிட்ட மட்டும் நான் திக்குனதே இல்ல. அன்னைக்குத் திக்குச்சு.