ஜோடிக் கணக்கு

வழிகாட்டிக்குத் தலையை எண்ணுவது பிடிக்காது. ஒருமுறை அப்படி எண்ணும்போது தன் தலையையும் சேர்த்து எண்ணிவிட்டு, ஒரு பெரியவரைச் சைக்கிள் கொட்டகையிலேயே விட்டுவிட்டுப் போனாராம். அதை அவரே வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். அன்றிலிருந்து ஜோடிக் கணக்குக்கு மாறிவிட்டார். ஒவ்வொரு இடத்திலும் விசில் ஊதி, "உங்க ஜோடி இருக்காங்களா?" என்று கேட்பார். அவரவர் பக்கத்து ஆளைப் பார்த்துவிட்டு "இருக்காங்க" என்று குரல் கொடுக்க வேண்டும். அவரவர் ஆளை அவரவர் பார்த்துக்கொண்டால் யார் தொலையப் போகிறார்கள்?

கணக்கு என்னவோ சரிதான். லைன் அக்காவுக்குத்தான் இடித்தது.

"நீங்க தனியாவா வந்திருக்கீங்க?" என்றார் வழிகாட்டி. அவள் நீட்டிய கூப்பனில் இருவருக்கு என்று போட்டிருந்தது.

"தங்கச்சி வர்றதா இருந்தது. நேத்து ராத்திரிதான் முடியலன்னு சொன்னா."

"அதனால என்னக்கா, உங்களுக்கு நான்தான் ஜோடி. கேள்வியையும் நானே கேட்டு, பதிலையும் நானே சொல்லிடறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். லைன் அக்காவும் சிரித்துவைத்தாள்.

லைன் அக்கா என்பது வேலையில் ஒட்டிக்கொண்ட பெயர். லிஃப்டுகளைப் பராமரிக்கும் கம்பெனியில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வேலை. ஊரில் எந்தக் கட்டடத்தில் யார் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு சிவப்புப் பொத்தானை அமுக்கினாலும் அவள் காதில்தான் மணி அடிக்கும். மெக்கானிக்கை அனுப்பிவிட்டு அவள் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "பயப்படாதீங்க. ஆள் கிளம்பியாச்சு. அவங்க வர்ற வரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்." சொன்னபடி இருப்பாள். அழுகிறவர்களிடம் பேச்சுக் கொடுப்பாள், கத்துகிறவர்களிடம் திட்டு வாங்கிக்கொள்வாள். கதவு திறந்ததும் அத்தனை பேரும் அப்படியே இறங்கிப் போய்விடுவார்கள். நன்றியை அவள் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் அதுவரை மூச்சுவிட்டுக்கொண்டிருந்த லைனில் திடீரென்று யாரும் இல்லாமல் போகும் அந்த நொடி மட்டும் இத்தனை வருஷத்தில் பழகவே இல்லை.

நீண்ட காலம் வேலை பார்த்ததற்காகக் கம்பெனி கொடுத்த பரிசுதான் இந்தக் கூப்பன். காலையில் சைக்கிள், மதியம் மலையிடுக்கில் தண்ணீரோடு நடை, அப்புறம் ஏரியில் படகு. கணவர் போய் எத்தனையோ வருஷமாகத் தனியாக இருப்பவளுக்கு ஜோடிக் கூப்பன் கொடுக்கும் புத்தி கம்பெனிகளுக்குத்தான் வரும். தூக்கிப் போட்டிருப்பாள். போடாததற்குக் காரணம் அவள் வீட்டுக் குளியலறை.

சில மாதங்களுக்கு முன்னால் அங்கே வழுக்கி விழுந்தாள். இடுப்பு பிடித்துக்கொண்டது. ஈரத் தரையில் கன்னத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் கிடந்தாள். அமுக்குவதற்கு அங்கே சிவப்புப் பொத்தான் ஏது? கூடத்தில் போன் அடித்து, அடித்து, ஓய்ந்தது. பிறகு பக்கெட்டைப் பிடித்து, சுவரைப் பிடித்து, தானே எழுந்தாள். மறுநாள் வேலைக்கும் போனாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் அன்றைக்கு உள்ளே புகுந்த ஒரு கேள்வி போக மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. நான் இல்லாமல் போனால் முதலில் யாருக்குத் தெரியும்? வேலை நாள் என்றால் கம்பெனிக்குத் தெரியும். லீவு நாள் என்றால்? நாலு பேரோடு ஒரு நாள் போய்வந்தாலாவது இந்தக் கேள்வி வாயை மூடும் என்று நினைத்துத்தான் தங்கையைக் கூப்பிட்டாள். தங்கைக்குக் கடைசி நேரத்தில் முடியாமல் போவது புதிதில்லை.

சும்மா சொல்லக் கூடாது, காலை நன்றாகவே போயிற்று. சைக்கிள் பாதை பெரும்பாலும் இறக்கம்தான். எதிர்க்காற்று முகத்தில் அடிக்க அடிக்க, லைன் அக்காவுக்குத் தன் வயது மறந்துபோனது. முன்னால் புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி, சைக்கிளில் போகும்போதும் கையைக் கோத்துக்கொண்டுதான் போவேன் என்று அடம்பிடித்து, இரண்டு முறை வேலியில் போய்ச் சொருகிக்கொண்டது. அவர்களுக்குப் பின்னால் எலியும் பூனையுமாக ஒரு நடுவயது ஜோடி. மிச்சம் இருந்த ஜோடிகள் ஆளுக்கு ஆள் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார்கள். விசில் ஊதியது.

"உங்க ஜோடி இருக்காங்களா?"

"இருக்காங்க."

"எங்க போகப் போறாங்க, இருக்காங்க!" என்று அலுத்துக்கொண்டாள் சண்டைக்காரி.

கடைசியில் வழிகாட்டி லைன் அக்காவைப் பார்த்து, "என் ஜோடியும் இருக்காங்க" என்றார். அதற்கு ஒரு பொட்டுச் சிரிப்பு வந்தது. யாரோ ஒருவர் தன்னைத் திரும்பிப் பார்த்து, இருக்கிறாள் என்று சத்தமாகச் சொன்னது அவளுக்கு இத்தனை இனிக்கும் என்று அவளே நினைக்கவில்லை. அடுத்த விசிலுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தாள். அதை நினைத்து அவளுக்கே வெட்கமாகவும் இருந்தது.

மலையிடுக்கின் வாயில் சாப்பிட்டு முடித்ததும் ஹெல்மெட்டும் மிதவைச் சட்டையும் கொடுத்தார்கள். போன்களை எல்லாம் வாங்கித் தண்ணீர் புகாத ஒரு பையில் போட்டு வழிகாட்டி தோளில் மாட்டிக்கொண்டார். "அக்கா, நீங்க என் பின்னாலயே வாங்க."

உள்ளே தண்ணீர் பல்லைக் கிட்டவைத்தது. இரண்டு பக்கமும் பாறைச் சுவர், கையை நீட்டினால் இரண்டையும் தொடலாம். வானம் மேலே ஒரு கோடாகத் தெரிந்தது. முழங்கால் ஆழம், சில இடத்தில் இடுப்பாழம். வழிகாட்டி காலை எங்கே வைக்கிறாரோ அங்கேயே அவளும் வைத்தாள். ஒரு முதுகைப் பின்தொடர்ந்து நடப்பதில் இத்தனை நிம்மதியா என்று நினைத்துக்கொண்டாள்.

பாதி வழியில் பின்னாலிருந்து ஓர் அலறல். புதுப்பெண் வழுக்கி விழுந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கணவன் அவளைவிடப் பெரிதாக அழுதுகொண்டிருந்தான்.

"அக்கா, கொஞ்சம் ஒதுங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டு வழிகாட்டி பின்னால் ஓடினார்.

லைன் அக்கா ஒதுங்கினாள். பாறையில் ஒரு குடைவு இருந்தது, அதன் வாயில் மேலிருந்து தண்ணீர் திரைபோல ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்குள் போய் நின்றுகொண்டாள். வழிகாட்டி புதுப்பெண்ணை முதுகில் சுமந்துகொண்டு அவளைத் தாண்டிப் போனார். கணவன் பின்னாலேயே ஓடினான். சண்டைக்காரர்கள் போனார்கள். மற்றவர்களும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு போனார்கள். எல்லோரும் போகட்டும், கடைசியாகப் போவோம் என்று இருந்தாள். அதற்குள் ஷூவுக்குள் ஒரு கல் உறுத்தியது. கழற்றி, உதறி, நனைந்த கயிற்றோடு மல்லுக்கட்டி முடித்து நிமிர்ந்தபோது யாரும் இல்லை.

வளைவுக்கு அந்தப் பக்கம் விசில் கேட்டது.

"உங்க ஜோடி இருக்காங்களா?"

"இருக்காங்க." "இருக்காங்க." "இருக்காங்க." பாறையில் பட்டுப் பட்டுக் குரல்கள் வந்தன.

ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும், கேட்டிருக்கும். வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். இப்போது சொல்வார், என் ஜோடியைக் காணோமே என்று. திரும்பி வருவார். வரட்டும். கூப்பிட்டு வருவது ஒன்று, தேடி வருவது ஒன்று. வாழ்க்கையில் ஒரு தடவையாவது யாராவது தன்னைத் தேடி வந்து பார்க்க வேண்டும் என்று ஓர் ஆசை, அந்தக் குளிரிலும் சூடாக நெஞ்சில் எழுந்தது.

குரல்கள் தேய்ந்தன. பிறகு தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான்.

அவள் காத்திருந்தாள். கால் விறைத்தது. உதடு நடுங்கியது. "பயப்படாதீங்க," என்றாள் தனக்குத்தானே, வேலைக் குரலில். "ஆள் கிளம்பியாச்சு." பாறை அதைத் திருப்பிச் சொன்னது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உடனே கோபமும் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பாறையைப் பிடித்துப் பிடித்து, அன்றைக்குக் குளியலறையில் எழுந்ததுபோலத் தானே நடந்து வெளியே வந்தாள்.

மலையிடுக்கிலிருந்து ஏரிக்கு ஒற்றையடிப் பாதை. ஏரியைப் பார்த்ததும் நின்றாள். எல்லோரும் படகேறிவிட்டார்கள். படகுக்கு இருவராகச் சின்னச் சின்னப் படகுகள். புதுப்பெண் காலை நீட்டிக்கொண்டு மகாராணிபோல உட்கார்ந்திருக்க, கணவன் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தான். கடைசிப் படகில் வழிகாட்டி. பின்னால் அவர் இருந்தார். அவள் உட்கார வேண்டிய முன்சீட்டில் பைகளை அடுக்கி வைத்திருந்தார்.

படகுத்துறையில் ஈ காக்கை இல்லை. பலகையின் விளிம்பில் உட்கார்ந்தாள். இங்கிருந்து கத்தினாலும் கேட்கும். கத்தவில்லை. அவள் கேள்விக்கு அங்கேதான் பதில் மிதந்துகொண்டிருந்தது, பைகளோடு. தெரிந்துகொள்ளத்தானே வந்தோம், தெரிந்துகொண்டோம் என்று நினைத்தாள். ஏரி அழகாக இருந்தது. அதுவேறு அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

நடு ஏரியில் திடீரென்று வழிகாட்டி துடுப்பை நிறுத்தினார். முன்னால் குனிந்து பையைத் துழாவினார். எதையோ எடுத்து உயர்த்திக் காட்டி, ஒவ்வொரு படகாகப் பார்த்து ஏதோ கேட்டார். ஒவ்வொரு படகிலும் தலைகள் இல்லை இல்லை என்று ஆடின. அவர் கையிலிருந்ததைப் பார்த்தார். முன்சீட்டைப் பார்த்தார். அப்படியே எழுந்து நின்றார். படகு ஆடிய ஆட்டத்தில் கவிழாமல் இருந்ததே பெரிது.

விசில் வீரிட்டது. கரையில் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவர் துடுப்புப் போட்ட வேகத்தை அவள் அதற்கு முன்னும் பின்னும் எங்கேயும் பார்த்ததில்லை. பேயறைந்த முகத்தோடு வந்து இறங்கினார்.

"அக்கா… மன்னிச்சிடுங்கக்கா. எல்லாரும் இருக்காங்க இருக்காங்கன்னு சொன்னாங்க, நானும்… அந்தப் பொண்ணு கால் கவலையில…" அவள் போனை நீட்டினார். "போன் விடாம அடிச்சுது. யாருதுன்னு கேட்டா எல்லாரும் என்னுது இல்லன்னாங்க. அப்பதான்க்கா தெரிஞ்சது."

"யாரு போன் பண்ணாங்க?" என்று கேட்டாள் லைன் அக்கா. தங்கையாகத்தான் இருக்கும். மனசு கேட்கவில்லை போலிருக்கிறது.

"தெரியலக்கா. வெறும் நம்பர்தான் வந்துச்சு."

போனை வாங்கிப் பார்த்தாள். அறிமுகம் இல்லாத எண், திரும்பத் திரும்ப. பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அவளை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு வழிகாட்டி ஏரியைச் சுற்றிக் காட்டினார். பின்னால் உட்கார்ந்துகொண்டு, "இருக்கீங்களாக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். கண்ணுக்கு நேரே உட்கார்ந்திருப்பவளை இத்தனை முறை கேட்டால் அவள் என்னதான் சொல்வாள்? "இருக்கேன் தம்பி" என்றாள் ஒவ்வொரு முறையும். மற்ற படகுகள் நெருங்கி வந்து ஆளாளுக்கு அங்கலாய்த்தன.

"நான் அப்பவே நெனச்சேன், யாரோ குறையறாங்களேன்னு" என்றாள் சண்டைக்காரி.

"நெனச்சா வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?" என்றான் புருஷன். அவ்வளவுதான், அவர்கள் பழையபடி ஆரம்பித்துவிட்டார்கள்.

கரையில் இறங்கும்போது வழிகாட்டி தயங்கித் தயங்கி நின்றார். "அக்கா, எங்க ஆபீஸ்ல இருந்து எப்படி இருந்துச்சுன்னு கேப்பாங்க…"

"நல்லா இருந்துச்சுன்னு சொல்றேன். போங்க."

திரும்பும் வேனில் எல்லோரும் அடித்துப்போட்டதுபோலத் தூங்கினார்கள். புதுப்பெண் கணவன் தோளில் சாய்ந்திருந்தாள். சண்டைக்காரிகூடப் புருஷன் தோளில் வாயைத் திறந்து குறட்டை விட்டாள். லைன் அக்காவின் சீட்டில் பக்கத்து இடத்தில் அவள் ஈரத் துண்டு கிடந்தது. சாயங்கால வெயில் அதன் மேல் விழுந்திருந்தது.

போன் அடித்தது. அதே எண்.

"மேடம், வணக்கம்! வீட்டுக்குத் தண்ணி சுத்திகரிக்கிற மெஷின் விஷயமா பேசறோம் மேடம். மதியத்துல இருந்து உங்களுக்கு ட்ரை பண்ணிட்டே இருக்கேன், நீங்க எடுக்கவே இல்ல."

சின்னப் பெண்ணின் குரல். பின்னால் இன்னும் பல குரல்கள் அதே வரியைச் சொல்லிக்கொண்டிருந்தன. அந்த இரைச்சல் லைன் அக்காவுக்கு நன்றாகத் தெரிந்த இரைச்சல். இப்படி வரும் போன்களை அவள் முதல் வார்த்தையிலேயே வெட்டிவிடுவாள். இன்றைக்கு விரல் அந்தப் பக்கம் போகவில்லை. இந்த உலகத்தில் இன்று என்னைத் தேடியது இவள் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தப் பெண் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். இடையில் எதிர்ப்பக்கம் சத்தமே இல்லை என்று தெரிந்ததும் குரல் தொய்ந்தது. எத்தனை பேர் வெட்டிவிட்டுப் போயிருப்பார்களோ.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா," என்றாள் லைன் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பதறாம, நிதானமா சொல்லு. நீ முடிக்கிற வரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்."

அந்தப் பெண் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.