ஆறு வாட், பதினைந்து வாட்

ஜெயராஜாவின் பழைய மடிக்கணினியின் பற்றரி ஒரு வியாழக்கிழமை வீங்கி, விசைப்பலகையை மேலே தள்ளிக்கொண்டு நின்றது. அதோடு அவருக்குக் குரல் இல்லாமல் போயிற்று.

சொந்தக் குரல் போய் அப்போது ஏழு மாதமாகியிருந்தது. நரம்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும் நோய். முதலில் இடது கை, பிறகு கால்கள், பிறகு நாக்கு. வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் இருபத்திரண்டு வருடம் கணினிக் கூடத்தைப் பார்த்துக்கொண்ட மனிதர், ஐம்பத்தாறு வயதில் தாண்டவன்வெளி வீட்டின் முன்னறைக் கட்டிலில் தலையணைகளில் சாய்ந்து கிடந்தார். வலது கைச் சுட்டுவிரல் மட்டும் அசைந்தது. அந்த விரலால் மௌஸை அசைத்து, திரையில் தெரியும் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்வார். எழுதி முடிந்ததும் கணினி அதைப் பெண் குரல் ஒன்றில் வாசிக்கும். "உங்களுக்குள்ள இப்பிடியொருத்தி இருந்தது எனக்குத் தெரியாமப் போச்சே" என்று ஆரம்பத்தில் மனைவி மேர்லின் கேலி செய்ததுண்டு.

முன்பெல்லாம் அந்த ஒழுங்கையில் யார் கணினி வாங்கினாலும் ஜெயராஜாவிடம் கேட்காமல் வாங்கமாட்டார்கள். மேர்லின் கேட்கவில்லை. கேட்பதென்றால் எழுத்து அட்டையைப் பிடித்து, அவர் கண்ணைச் சிமிட்டும்வரை ஒவ்வோர் எழுத்தாகக் காட்டவேண்டும். ஒரு வசனத்துக்கு அரைமணி நேரம் போகும். அவள் தபாற்கந்தோரில் வேலை செய்பவள். மதிய இடைவேளைக்குள் கடைக்குப் போய்த் திரும்பவேண்டியிருந்தது.

கடைக்காரன் றொனால்ட் இரண்டு மடிக்கணினிகளை எடுத்து மேசையில் வைத்தான்.

"இதுட புரொசெசர் ஆறு வாட்டிலதான் ஓடும் அன்ரி. நாலு கோர். பெரிசா சூடாகாது, அதால உள்ளுக்கு ஃபேனே இல்ல. ஒருக்கா சார்ஜ் ஏத்தினா ஒம்பது மணித்தியாலம் நிக்கும். மத்தது பதினஞ்சு வாட். ஆறு கோர், நல்ல கெதி, டக்கெண்டு வேலை முடியும். ஆனா ஃபேன் சத்தம் போடும். அஞ்சு மணித்தியாலம் தாண்டாது."

"எது நல்லம்?"

"என்ன வேலைக்கு அன்ரி?"

"அவர் எழுதினத வாசிச்சுக் காட்டணும். பேப்பர் பாக்கணும். மகளோட வீடியோவில கதைக்கணும்."

"ஒவ்வொண்டாத்தானே?"

"ஓம்" என்றாள் மேர்லின், யோசிக்காமல்.

"அப்ப சின்னதே போதும். நாளாந்தப் பாவனைக்குப் பெரிசு தேவையில்ல."

பெரியதை அவன் இயக்கிக் காட்டியபோது அதற்குள்ளிருந்து இரைச்சல் ஒன்று கிளம்பியது. அந்தச் சத்தமே அவளைத் தீர்மானிக்க வைத்தது. ஜெயராஜாவின் மூச்சு அந்த நாட்களில் மிகவும் மெலிந்துவிட்டிருந்தது. சமையலறையில் நின்றாலும் அவள் காது அந்த மூச்சின்மேல்தான் இருக்கும். அதை மறைக்கிற எதையும் வீட்டுக்குள் கொண்டுபோக அவளுக்கு விருப்பமில்லை.

மாலையில் புதியதைக் கட்டிலுக்கு மேலே இருந்த பலகையில் வைத்து, அவர் விரலை மௌஸின்மேல் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் குரல் கேட்டது.

"எத்தனை கோர்?"

"நாலு. சத்தமே வராது, பாருங்க."

அவர் மறுபடி எழுதத் தொடங்கினார். அவள் சோற்றை வடிக்கப் போனாள். கஞ்சி வடிந்துகொண்டிருந்தபோது முன்னறையிலிருந்து வந்தது: "என்னைக் கேட்டிருக்கலாம்."

பானையை அப்படியே வைத்துவிட்டு வந்து கட்டிலருகில் நின்றாள். "கந்தோருக்கு நேரம் போயிட்டு. அதுதான்." அவர் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார். அவர்களுக்குள் அது 'ஓம்' என்று பொருள். இரண்டு தடவை என்றால் 'இல்லை'.

அந்தக் கிழமை முழுவதும் கணினி நன்றாகத்தான் வேலை செய்தது. பேப்பர் வாசித்தார். சைக்கிளில் வந்த மீன்காரனிடம் யன்னல் வழியாக "திரளி இரிக்கா?" என்று கேட்டு, அவனைத் திடுக்கிட வைத்தார். கரண்ட் போன மத்தியானத்திலும் குரல் நிற்கவில்லை. தான் சரியானதைத்தான் வாங்கியிருக்கிறேன் என்று மேர்லின் நினைத்துக்கொண்டாள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்தபின் மகள் டினுஷா அழைத்தாள். அவள் இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக இருந்தாள். போய் ஒன்றரை வருடம்.

"அப்பா, கேக்குதா? வாற மாசம் ரெண்டு கிழமை லீவு கேக்கலாமெண்டு இரிக்கன். புது மனேஜர் நல்லமில்ல. கேட்டா வேலை போனாலும் போகும். வேலை போனா விசாவும் போயிரும். ஆனா நீங்க சொன்னா நான் வாறன். சொல்லுங்க, வரட்டா?"

ஜெயராஜாவின் விரல் அசைந்தது. வீடியோவும் எழுத்துப்பலகையும் வாசிக்கும் குரலும் ஒன்றாகத் திறந்திருந்தன. அந்தச் சின்னப் புரொசெசரால் மூன்றையும் சேர்த்து இழுக்க முடியவில்லை. டினுஷாவின் முகம் வாய் பாதி திறந்தபடி உறைந்து நின்றது. அவர் தெரிவுசெய்த எழுத்து எதுவும் திரையில் விழவில்லை. விரல் மட்டும் ஓயாமல் வேலை செய்தது.

"அம்மா, அப்பாட படம் நிண்டுட்டு. என்ன சொல்றார்?"

மேர்லின் எழுத்து விழவேண்டிய வெற்றிடத்தைப் பார்த்தாள். மகளுடைய வேலையை நினைத்தாள். "அவர் வேணாம் எண்டுதான் சொல்லுவார் புள்ள. இரிக்கிற வேலையை விட்டுராத."

"அப்பாவா சொல்றார்?"

"ஓம்" என்றாள் மேர்லின்.

அழைப்பு முடிந்தது. பாரம் இறங்கியதும் தடைப்பட்டு நின்ற எழுத்துகள் எல்லாம் மளமளவென்று திரையில் விழுந்தன. அந்தப் பெண் குரல் தெளிவாக வாசித்தது: "வா மகள். கெதியா வா."

மேர்லின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். "திரும்ப எடுக்கட்டா?" என்று கேட்டபோது அவளுக்கே தன் குரல் கேட்கவில்லை. அவர் இரண்டு தடவை கண்ணை மூடினார். பிறகு நெடுநேரம் எழுதினார். "சொல்லாதே. நீ சொன்னதுதான் சரி."

மறுநாள் அவள் கந்தோருக்கு லீவு சொல்லிவிட்டுக் கணினியோடு கடைக்குப் போனாள்.

"ஒவ்வொண்டா எண்டுதானே அன்ரி சொன்னீங்க" என்றான் றொனால்ட். ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். தன் தொலைபேசியிலிருந்து முதலில் ஒன்றுக்கும் பிறகு மற்றதற்கும் வீடியோ அழைப்பு எடுத்து, அதே எழுத்துப்பலகையையும் குரலையும் திறந்தான். சின்னதில் புரொசெசரின் கோடு நூறுக்கு ஏறி அங்கேயே நின்றது. பெரியதில் நாற்பதைத் தாண்டவில்லை. மேர்லின் தானே 'அப்பா' என்று எழுதிப் பார்த்தாள். சின்னது சொல்வதற்குள் ஒரு மனிதன் எழுந்து வெளியே போய்விடலாம். பெரியது உடனே சொன்னது.

"கதைக்கிறதெண்டா ஒவ்வொண்டா நடக்கிறல்ல தம்பி" என்றாள். "பாக்கிறது, கேக்கிறது, சொல்றது எல்லாம் ஒண்டாத்தான். எனக்கு அது விளங்காமப் போச்சு."

அவன் பெரியதைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தான்.

அடுத்த ஞாயிறு டினுஷா அழைத்தபோது முகம் உறையவில்லை. "சாப்பிட்டியா?" என்று குரல் உடனே கேட்டதும் அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "அப்பா, போன கிழமை நீங்க என்ன சொல்ல வந்தீங்க?"

விரல் அப்படியே நின்றது. ஃபேனின் இரைச்சல் அறையெங்கும் கேட்டது. பிறகு அந்தக் குரல் ஒரு நொடிகூடப் பிந்தாமல் சொன்னது: "எனக்குச் சுகம். உன் வேலையைப் பார்."

திரைக்கு வெளியே நின்ற மேர்லின் வாயைத் திறந்தாள். ஜெயராஜா கண்ணைத் திருப்பி அவளைப் பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள். இவ்வளவு கெதியான ஒன்றை வாங்கிவந்து வைத்தது இதைக் கேட்பதற்குத்தானா என்று அவளுக்குத் தோன்றியது.

அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் அவருக்குக் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டியது. ஆசுபத்திரியில் இரண்டு நாள் இருந்தார். அங்கே விரலும் நின்றுவிட்டது. மேர்லின் மகளுக்குச் சொல்லி, மகள் விமானம் பிடித்து வந்து சேர்ந்தபோது முன்னறையில் கட்டில் இருந்த இடத்தில் சவப்பெட்டி இருந்தது.

அடக்கம் முடிந்து சேமக்காலையிலிருந்து திரும்பிய பின்னேரம், வந்தவர்களெல்லாம் போனபின், டினுஷா நிலத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அங்க ஒவ்வொரு நாளும் வேற ஆக்கள்ட அப்பாமாரக் குளிப்பாட்டித் துடைக்கிறன் அம்மா. எங்கட அப்பா ஒருக்காக்கூட என்னை வா எண்டு சொல்லல்லையே."

மேர்லின் பேசாமல் இருந்திருக்கலாம். அவர் கேட்டுக்கொண்டதும் அதைத்தான். ஆனால் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படி இருக்க முடியவில்லை.

"சொன்னவர்" என்றாள். "அந்தப் படம் நிண்ட ஞாயிறு. வா மகள், கெதியா வா எண்டு எழுதினவர். நீ வச்சதுக்குப் பிறகுதான் அது வாசிச்சிச்சு. வேணாம் எண்டது நான்."

டினுஷா நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டாள். "மறுகா ஏன் சொல்லல்ல?"

"சொல்லவேணாம் எண்டார்."

"ரெண்டு பேரும் எனக்காக யோசிச்சிட்டீங்க" என்றாள் மகள். கத்தவில்லை. எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மேர்லின் தேநீர் ஊற்றிக் கதவடியில் வைத்தாள். அது ஆறிப்போனது.

எட்டாம் நாள் பூசை முடிந்த மறுநாள் டினுஷா திரும்பிப் போனாள். வேலை போகவில்லை. புது மனேஜர் இரக்கமாகவே லீவு கொடுத்திருந்தாராம். கொழும்புக்குப் போகும் வாகனத்தில் ஏறும்போது அம்மாவை அணைத்தாள்.

இரண்டு ஞாயிறு அழைப்பு வரவில்லை. மூன்றாவது ஞாயிறு வந்தது. இருவரும் அங்குள்ள குளிரைப் பற்றியும் இங்குள்ள மழையைப் பற்றியும் ஐந்து நிமிடம் கதைத்தார்கள். "வைக்கட்டா அம்மா?" என்று டினுஷா கேட்டாள். இன்னும் கொஞ்ச நேரம் இரு என்று சொல்ல மேர்லினுக்கு ஆசையாக இருந்தது. "ஓம் புள்ள, வேலைக்கு நேரம் போகுது" என்றாள்.