எட்டுக் குழிக் கற்கள்

2004 மார்ச் 16, காலை எட்டே முக்கால். கிருபாவதி கயிற்றுக் கட்டிலில் மடிக்கணினியைத் திறந்து வைத்தாள்.

ஆண்டிபட்டிக்குத் தெற்கே தங்கபாண்டியின் மூன்று ஏக்கர் புஞ்சை. அணைத் தண்ணீர் இந்த மேட்டுக்கு ஏறாது. மூன்று வருடமாக மழையும் இல்லை. ஒரு சிமென்ட் கம்பெனி அங்கே சுண்ணாம்புக்கல் தேடிக்கொண்டிருந்தது; கல்லைச் சோதிக்கக் கிருபாவதியை அனுப்பியிருந்தது. இருந்தால் நிலத்தை விலைக்கு எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் தங்கபாண்டியும் மனைவி மொக்கம்மாளும் வியாழக்கிழமை குமுளிக்கு மேலே ஏலக்காய் எஸ்டேட்டுக்குக் கூலிக்குப் போகிறார்கள். மகளுக்கு இன்னும் மூன்று பரீட்சை இருந்தது.

போன வாரம் கிருபாவதி சொல்லிவிட்டுப் போயிருந்தாள்: எட்டுக் குழி, குழிக்கு ஒரு கல், மண் போகக் கழுவிக் காயவைக்க வேண்டும். எட்டுக் கல்லும் சாக்கின் மேல் வரிசையாக இருந்தன. பளபளத்தன.

சோதனைக் கருவிப் பெட்டியிலிருந்து வந்த கேபிளின் முனை டார்ச் லைட் அளவு. அதை முதலில் அளவு சரிபார்க்க வெள்ளைத் தகட்டிலும் பிறகு முதல் கல்லிலும் வைத்தாள். அகச்சிவப்பு ஒளி கல்லில் பட்டுத் திரும்பும். கல் விழுங்கிக்கொண்ட இடங்களில் மடிக்கணினித் திரையில் ஓடும் கோடு பள்ளமாகும். பள்ளம் எங்கே என்பதை வைத்துக் கனிமத்தைச் சொல்லலாம்.

சுண்ணாம்புக்குரிய இடத்தில் பள்ளம் விழுந்தது.

"பள்ளம் விழுந்தா நல்லதா மேடம்?" என்றார் தங்கபாண்டி.

"விழுற எடத்தைப் பொறுத்தது."

இன்னோர் இடத்திலும் இரட்டைப் பள்ளம் இருந்தது. அங்கே எந்தக் கல்லுக்கும் பள்ளம் விழாது. கிருபாவதி கல்லை எடுத்து முகர்ந்தாள்.

"இதுல என்ன தடவுனீங்க?"

"கடலெண்ணெய். லேசாத்தான்."

"எதுக்கு?"

"தேனி குடோன்ல மெளகுக்குப் போடுவோம் மேடம். பளபளன்னு இருந்தா வெல ஏறும்."

"பத்து வருசம் குடோன்ல கெடந்த கை, ஆத்தா," என்றாள் மொக்கம்மாள். "எதைக் கண்டாலும் எண்ணெய் போட்டுத் தேய்க்கும். ஏந்தலையத் தவிர."

"சும்மா இருடி."

"எட்டுக்கும் தேய்ச்சீங்களா?"

"ஒரவஞ்சன பண்ணக் கூடாதுல்ல."

கிருபாவதி சுத்தியலை எடுத்தாள். கல் இரண்டாகப் பிளந்தது. உள்ளே சாம்பல் நிறம். உடைந்த பக்கத்தில் முனையை வைத்தாள். கோடு ஏறக்குறைய நேராகப் போனது. ஒரு சொட்டு அமிலம் விட்டுப் பார்த்தாள். சுண்ணாம்பாக இருந்தால் பொங்கும். பொங்கவில்லை.

தங்கபாண்டி திரையைக் குனிந்து பார்த்தார்.

"பள்ளத்தைக் காணோமே."

"அது எண்ணெயோட பள்ளம்."

"மறுபடி தேய்ச்சுத் தரட்டா மேடம்?"

மொக்கம்மாள் சிரித்தாள். பிறகு நிறுத்திக்கொண்டாள்.

கிருபாவதி இரண்டாம் கல்லை உடைத்தாள். மூன்றாவதை உடைத்தாள். ஒவ்வொன்றுக்கும் குழி எண்ணைத் தட்டச்சு செய்து கோப்பைச் சேமித்தாள். ஐந்தாவது கல் உடையவில்லை. தங்கபாண்டி சுத்தியலை வாங்கி ஒரே அடியில் உடைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு சுத்தியல் அவரிடமே இருந்தது. எட்டாவது கல்லை அவராகவே உடைத்து நீட்டினார். அதிலும் கோடு நேராகவே போனது.

பத்தே கால் ஆகியிருந்தது.

"என்னன்னு எழுதுவீக?" என்றார்.

"முடிவை ஆபீஸ்லதான் சொல்வாங்க. நான் சொல்லக் கூடாது."

"எப்பச் சொல்லுவாக?"

"ஒரு மாசம் ஆகும். தபால் வரும்."

அவள் கேபிளைச் சுருட்டிப் பெட்டியில் வைத்தாள். தங்கபாண்டி உடைந்த கற்களைக் குழிவாரியாக ஜோடி சேர்த்து மறுபடி சாக்கில் அடுக்கினார். மொக்கம்மாள் செம்பில் மோர் கொண்டுவந்து நீட்டினாள். கிருபாவதி வாங்கிக் குடித்தாள். செம்பைத் திருப்பித் தந்தபோது மொக்கம்மாள் வாங்கவில்லை.

"தபாலு கெடக்கட்டும், ஆத்தா. நாளன்னைக்கு விடியக்காலம் எஸ்டேட்டு ஜீப்பு வருது. நாங்க அதுல ஏறவா, வேண்டாமா?"