பத்தொன்பதாவது துளை

குடோனில் காவல் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். என் மனைவி போனைச் சுவரில் சாய்த்து வைத்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். போனில் ஒரு குரல் ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக்கொண்டிருந்தது.

"மொத்தம் நாற்பது துளைகள். ஒரே நேர்கோடு, ஒரே ஆழம். பத்தாயிரம் வருஷத்துக்கு முன்னால், இரும்பையே பார்க்காத மனுஷனால் இதைச் செய்திருக்க முடியுமா? இல்லை, வானத்திலிருந்து இறங்கி வந்தவர்கள் செய்ததா?"

"இங்க பாருங்களேன், அளவெடுத்த மாதிரி போட்டிருக்காங்க" என்றாள்.

பார்த்தேன். அந்தப் பாறையை எனக்குத் தெரியும். அந்த நாற்பதில் இருபத்தொன்று நான் போட்டவை. மீதிப் பத்தொன்பதும் ரேடியோ போட்டவை.

ரேடியோ என்பது என்னோடு வேலை செய்தவனுக்குக் குவாரியில் வைத்த பெயர். வாயை மூடவே மாட்டான். கம்ப்ரசர் காதைப் பிளக்கும்போதும் அவன் உதடு அசைந்துகொண்டே இருக்கும். நாங்கள் இரண்டு பேரும் கருங்கல்லில் துளை போடுகிறவர்கள். வரிசையாகத் துளை போட்டு, அதில் இரும்பு ஆப்புகளை இறக்கி, ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனால் பாறை பிளந்துகொள்ளும். அந்தப் பாறையில் அவன் இடது ஓரத்திலிருந்து வந்தான், நான் வலது ஓரத்திலிருந்து போனேன். ஆப்பு இறக்கும் வேலை மட்டும் நடக்கவேயில்லை.

அதைப் பற்றி இருபத்திரண்டு வருஷமாக நான் யாரிடமும் பேசியதில்லை. மனைவியிடம்கூட.

மூன்று நாள் தூக்கம் வரவில்லை. நாலாம் நாள் வீடியோவில் இருந்த நம்பருக்குப் போன் பண்ணி விலாசம் வாங்கிக்கொண்டு போனேன். ஜெராக்ஸ் கடைக்கு மேல் ஒரு அறை. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி, நடுவில் வட்ட விளக்கு. சேனல் நடத்துகிறவர் முப்பது வயதுக்காரர், நல்ல மாதிரி. நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"தம்பி, அந்தத் துளை எல்லாம் நாங்க போட்டது" என்றேன்.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. தினமும் பத்து பேர் கூப்பிடுறாங்க. போன வாரம் ஒருத்தர், வானத்துலேர்ந்து வந்தவங்களுக்கு எங்க தாத்தாதான் வழி காட்டினார்னு சொன்னார்."

"இடதுபக்கத்துலேர்ந்து பத்தொன்பதாவது துளை சாஞ்சிருக்கும்."

"அதுதானே முக்கியமான ஆதாரமே" என்று அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது ஒரு நட்சத்திரத்தைக் காட்டுது. நாலு மாசம் கணக்குப் போட்டேன்."

"அது எந்த நட்சத்திரத்தையும் காட்டல. என்னோட சேர்ந்தவன் ஏதோ கதை சொல்ல என் பக்கம் திரும்பினான். மிஷின் சாஞ்சிடுச்சு. அதுதான் அவன் கடைசியா போட்டது."

அவர் அந்தப் பாறைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "நீங்க சொல்றது நிஜம்னே வெச்சுக்குவோம். இவ்வளவு பாடுபட்டுத் துளை போட்டவங்க, கல்லை உடைக்காம ஏன் அப்படியே விட்டுட்டுப் போனீங்க? இந்த ஒரு கேள்விக்குத்தான் யாருமே பதில் சொல்லல. அதனாலதான் நானும் வானத்தைப் பார்க்க ஆரம்பிச்சேன்."

கேட்டவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை.

சொன்னேன். துளை போட்டு முடித்ததும் கம்ப்ரசரின் காற்றுக் குழாய் பாறைக்கு அடியில் சிக்கிக்கொண்டது. எடுக்க ரேடியோ கீழே இறங்கினான். மேலே தளர்ந்திருந்த பெரிய பலகைக்கல் ஒன்று வழுக்கிக்கொண்டு வந்து அந்தச் சந்தை அடைத்துவிட்டது. நான் ஓடிப்போய்க் குப்புறப் படுத்துக் கூப்பிட்டேன். பதில் வந்ததா, வரவில்லையா, இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

மேஸ்திரி வந்து எட்டிப் பார்த்தார். "போயிட்டான். கிரேன் வந்தா போலீஸ் வரும். இது பர்மிட் இல்லாத இடம், எல்லாரும் உள்ள போவோம்" என்றார். மண் தள்ளும் மிஷினை வரச் சொல்லி உடைகல்லைத் தள்ளி மூடினார்கள். என் மனைவி அப்போது நிறைமாதம். ரேடியோ எவளோடயோ ஓடிப்போயிட்டான் என்று சொல்லிவிடச் சொன்னார் மேஸ்திரி. நான்தான் அவன் வீட்டுக்குப் போய் அதைச் சொன்னேன். அந்த வாரமே குவாரியை விட்டுவிட்டுக் கூட்டம் கலைந்தது.

அவர் எழுந்து வட்ட விளக்கை அணைத்தார். "இதை நீங்க கேமரா முன்னால சொல்லணும் ஐயா" என்றார்.

"முதல்ல நான் சொல்ல வேண்டியது வேற ஒருத்தங்ககிட்ட."

ரேடியோவின் மனைவி ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை செய்வதை விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நீராவியும் பினாயில் வாடையுமாக இருந்தது. நீள மேஜையில் வெள்ளைத் துப்பட்டிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

"வாங்கண்ணே. அந்த ஆளைப் பத்தி ஏதாவதுன்னா எனக்குக் கேட்க வேண்டாம்" என்றாள்.

"அவன் எங்கேயும் ஓடிப்போகலம்மா."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. ஒரு துப்பட்டி, இன்னொரு துப்பட்டி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி.

"உயிரோட இருந்தாரா?"

"தெரியாதும்மா. கூப்பிட்டேன். சத்தத்துல எதுவும் கேட்கல."

அப்போதுதான் கை நின்றது. "நீங்கதானே வந்து சொன்னீங்க, இதே வாயால. இருபத்திரண்டு வருஷம் அந்த மனுஷனை நான் திட்டாத நாள் இல்ல. சாப்பிடும்போது திட்டினேன், பிள்ளைக்குத் தலை பின்னும்போது திட்டினேன். பள்ளிக்கூடத்துல அப்பா பேர் எழுதுற இடத்துல என் பொண்ணு கோடு போட்டுட்டு வந்தா. அதைப் பார்த்து நல்ல காரியம் பண்ணினடின்னு சொன்னேன். இப்ப நான் யார்கிட்ட போய் நிக்கிறது?"

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஸ்டேஷனுக்குப் போங்க. இன்னைக்கே போங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த துப்பட்டியை எடுத்தாள்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன். அவள் அழவில்லை. மாற்றுத் துணி இரண்டை ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மேஸ்திரி செத்து எட்டு வருஷம் ஆகிறது, குவாரி முதலாளி எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் எழுதிக்கொண்டார்கள். என் பெயரிலும் வழக்குப் போட்டார்கள். சேனல்காரர் நான் பேசியதை அப்படியே வெளியிட்டு, "நான் சொன்னது தப்பு" என்று முகத்தைக் காட்டிச் சொன்னார். அதற்குக் கீழே ஆயிரக்கணக்கில் வந்து எழுதினார்கள். கிழவனை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்றார்கள். உண்மையை மூடி மறைக்கிறார்கள் என்றார்கள். இந்தக் கையால் இவ்வளவு நேராகத் துளை போட முடியுமா என்று என் கையை வட்டம் போட்டுக் காட்டியிருந்தான் ஒருவன்.

தோண்டப் போன அன்று பாறையைச் சுற்றி முந்நூறு பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். பழைய சின்னத்தை உடைக்க விடமாட்டோம் என்று மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். சேனல்காரர் கையெடுத்துக் கும்பிட்டுப் பேசிப் பார்த்தார். அவர் சட்டையைக் கிழித்துவிட்டார்கள். போலீஸ் கூட்டத்தைத் தள்ளி வழி பண்ண மத்தியானம் ஆகிவிட்டது.

மறுநாள் சாயந்திரம் ரேடியோ கிடைத்தான். குழாயைக் கையில் சுற்றியிருந்தான். கல் விழும் முன் சிக்கலை எடுக்க இழுத்தபோது சுற்றியதா, விழுந்த பிறகும் உயிரோடு இருந்து, மேலே இருந்த எங்களுக்குத் தெரியட்டும் என்று ஆட்ட அவனே சுற்றிக்கொண்டதா என்று டாக்டர் கண்டுபிடித்துச் சொல்வார் என்று நினைத்தேன். எலும்பை வைத்து அதெல்லாம் சொல்ல முடியாது என்றுவிட்டார். அன்றைக்கே யாரோ படம் எடுத்துப் போட்டு, இது மனித எலும்பே இல்லை என்று எழுதினார்கள். அதைத்தான் நிறைய பேர் பார்த்தார்கள்.

பிணவறை வாசலில் அவன் மனைவியும் மகளும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள். ஒரு சின்ன மரப்பெட்டி, அவ்வளவுதான். மகள் அதை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். அவன் ஜாடை அப்படியே இருந்தது. நான் ஓர் அடி முன்னால் வைத்தேன்.

"நீங்க வர வேண்டாம்" என்றாள் ரேடியோவின் மனைவி. கோபமாகச் சொல்லவில்லை. வழியில் நிற்பவரை விலகச் சொல்வது போலச் சொன்னாள். ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்கள்.

வழக்கு நடக்கிறது. போன தவணைக்கு நீதிபதி, குற்றத்தை ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். "இல்லை" என்று சொல்லும்படி வக்கீல் சொல்லியிருந்தார். நான் ஒத்துக்கொண்டேன்.